வாடாத மான்

அவர் எந்தப் பாட்டையும் பாடி நான் கேட்டதில்லை. வாசிப்பார். கண்டி மார்க்கட்டில் மரக்கறி விலை எழுதிய பலகையை வாசிக்கிற குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். இவ்வளவு நாளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்ட பாட்டு இதுதானா என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். எனக்குச் சந்தேகம் வரவில்லை, வியர்த்துவிட்டது. அவர் வாசித்து நான் முதன்முதல் கேட்டது நானே எழுதிய பாட்டு.

பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "இந்தப் பேர் இந்த எடத்துல ஏன் இருக்கு அண்ணன்?" என்று கேட்பார். எதைப் படித்தாலும் அவர் கேட்கிற கேள்வி அதுதான். பாட்டானாலும் பஸ்ஸில் ஒட்டிய அறிவித்தலானாலும் அவருக்கு வித்தியாசம் கிடையாது. டீச்சர் என்றே சொல்கிறேன். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தமிழ் இலக்கியம் படிப்பித்தார். கெலிஓயாவில் தங்கையோடு இருந்தார். என்னைவிட வயதில் இளையவர். என்னை அண்ணன் என்பார். அந்த அண்ணனில் மரியாதை எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று நான் ஆராய்ந்ததில்லை. ஆராயாமல் விட்டது நல்லது.

எனக்குச் சொந்த ஊர் வத்தேகம. கண்டி டவுனில் பெனர், கல்யாண கார்ட், மரண அறிவித்தல் எல்லாம் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். ஆனால் அந்த நாட்களில் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், கவிஞர் என்றுதான் சொல்வேன். கூட்டாளிகள் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தோம். கீபோர்ட் வாசிக்கிறவன் மெட்டுப் போடுவான், நான் அதற்குள் சொற்களைத் திணிப்பேன். போட்ட பாட்டுகளில் ஒன்று எப்படியோ ஓடிவிட்டது. பிரைவேட் பஸ்களில் போட்டார்கள், திரீவீலர்களில் போட்டார்கள். யூடியூப்பில் வீடியோவின் கடைசியில், ஜெனரேட்டர் தந்து உதவியவருக்குக் கீழே, என் பெயரும் வரும். அந்த இடம் வரைக்கும் யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்ததால் நானே கடைக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவேன்.

பாட்டின் பல்லவி இதுதான்:

மூணு மணி பஸ்ஸுக்குள்ள முகத்தைக் காட்டிப் போனவளே
மூடி வச்ச குடைக்குள்ள மழையை வச்சுப் போனவளே
வானே நீ மீனே நீ வாடாத மானே நீ
நானே நீ ஆனேனே நாளெல்லாம் வீணேனே

இதை எழுதிவிட்டு நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு காலையில் டீச்சர் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். "இதுல வகுப்புக்குப் போதுமான அளவு போட்டோ கொப்பி எடுக்கணும் அண்ணன்."

தாளைப் பார்த்தேன். என் பாட்டு, கையால் எழுதியது, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு.

"எந்த வகுப்புக்கு டீச்சர்?"

"பத்தாம் வகுப்பு. இலக்கியம்."

இலக்கியம். அந்தச் சொல்லை நானும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மெஷினைப் போடக் கை வரவில்லை.

"இந்தப் பாட்டை எழுதினது யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரியாததுதான் நல்லம். எழுதினவரைத் தெரிஞ்சா பிள்ளைங்க பிழை சொல்லப் பயப்படுவாங்க. இதுல நெறைய இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பேசாமல் கொப்பி எடுத்துக் கொடுத்திருப்பார்கள். நான், "நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவர் தடுமாறவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "நல்லதாப் போச்சு. இந்த மான் ஏன் இங்க இருக்கு?"

"பொண்ணுங்களை மான்னு சொல்றது வழக்கம்தானே டீச்சர்."

"சரி. வாடாத மான் ஏன்?"

கடைக்கு வேறு யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. "மோனை" என்றேன்.

"ஓ" என்றார் டீச்சர். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடச் சுருக்கமானது இல்லை. பிறகு, "வியாழக்கிழமை ரெண்டாவது பாடவேளைக்கு இதைத்தான் எடுக்கப் போறேன். ஏலும்னா வாங்க" என்றார்.

நான் அந்த அழைப்பில் கடைசிப் பகுதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். வீட்டில் போய், "ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. பொன்னாடை போர்த்துவாங்க போல" என்றேன். என் மனைவி என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்து, "எதுக்கும் ரொம்ப நேரம் பேசாதீங்க" என்றாள்.

பேசவே விடவில்லை. டீச்சர் என்னைக் கடைசி வரிசையில், பின் வாங்கில் உட்கார வைத்தார். "இவர்தான் இந்தப் பாட்டை எழுதினவர். ஆனா இன்னைக்கு இவர் பேச மாட்டாரு. பேச வேண்டியதை எழுதிட்டாரு" என்று பிள்ளைகளிடம் சொன்னார். தயாரித்துக் கொண்டு போயிருந்த உரை என் சட்டைப் பையில் அப்படியே இருந்தது.

பாட்டை வாசித்தார். மெட்டு இல்லாமல் அது குளிக்கும்போது கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

"முதல்ல ஆளைக் கண்டுபிடிப்போம். யார் இவ? மூணு மணி பஸ்ஸில ஏன் போறா?"

"ஸ்கூல் விட்டுப் போறா டீச்சர்."

"ஸ்கூல் ஒன்றரைக்கு விட்டிருமே?"

"கடையில வேலை செய்றா."

"எந்த முதலாளி மூணு மணிக்கு வீட்டுக்கு விடுவாரு?" இதைக் கேட்டது டீச்சர் அல்ல, இன்னொரு பையன்.

முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். "கிளினிக் டீச்சர். பேராதனை ஆஸ்பத்திரியில கிளினிக் முடிஞ்சு, மருந்தும் எடுத்துக்கிட்டு வெளிய வந்தா மூணு மணி ஆயிரும். எங்க அம்மா அப்படித்தான் வருவாங்க."

வகுப்பு அதை ஏற்றுக்கொண்டது. என் கனவுக் கன்னி கையில் மருந்துப் பையோடு பஸ் ஏறுவதைப் பின் வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ மூணு மணிக்குப் போறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு" என்றார் டீச்சர். "மூணு, முகம், மூடி. மோனைக்காக ஒரு பிள்ளையை மழையில பஸ்ஸுக்கு நிப்பாட்டி வச்சிருக்காங்க."

மானுக்கு வந்தார்கள். "மான் என்ன கீரையா டீச்சர், வாடுறதுக்கு?" என்றான் ஒருத்தன். "வாடாத கீரையே நீ" என்று யாரோ மெட்டோடு முணுமுணுக்க, வகுப்பு முழுவதும் பிடித்துக்கொண்டது. சந்தத்துக்கு அது என்னுடையதைவிட ஒன்றும் குறைவாக இல்லை என்பதுதான் எனக்குச் சங்கடம். 'வீணேனே' என்று ஒரு சொல் தமிழில் கிடையாது என்று முடிவு செய்ய அவர்களுக்கு அகராதி கூடத் தேவைப்படவில்லை.

இரண்டாவது வரியைக் கடைசியாக எடுத்தார். "மூடின குடைக்குள்ள மழை எப்படி இருக்கும்?"

பிள்ளைகள் தாளைத் திரும்பவும் பார்த்தார்கள். எனக்கும் தெரியாது. அந்த இடத்தில் நான் முதலில் 'மூடி வச்ச மனசுக்குள்ள' என்றுதான் எழுதியிருந்தேன். மனசு ஏற்கெனவே இரண்டு பாட்டில் வந்துவிட்டது, வேறு ஏதாவது போடு என்றான் கீபோர்ட்காரன். நிமிர்ந்து பார்த்தேன். கதவில் ஒரு குடை தொங்கியது. போட்டேன்.

ஜன்னல் ஓரமாக இருந்த ரோகிணி என்ற பிள்ளை கையைத் தூக்கினாள். வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வருகிறவள். அதிகம் பேசாதவள் என்று பிறகு டீச்சர் சொன்னார்.

"டீச்சர், மழையில நனைஞ்சு வந்து பஸ்ஸில ஏறினா குடையை மூடத்தானே வேணும். மூடினாலும் உள்ளுக்கு மழை இருக்கும். அது சொட்டிக்கிட்டே இருக்கும். அவ எறங்கிப் போன பெறகும் பஸ்ஸுக்குள்ள அந்தத் தண்ணி நிக்கும். அவ போயிட்டா. அவ கொண்டாந்த மழை மட்டும் இவர் காலுக்கிட்ட நிக்குது."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. எவ்வளவு நல்ல வரி, யார் எழுதியிருப்பார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

டீச்சர் பாராட்டவில்லை. "இப்ப புத்தகத்தை எடுங்க" என்றார். பாடப்புத்தகத்தில் பிரிவைப் பற்றிய ஒரு பழைய செய்யுள். நானும் அந்த வயதில் இப்படி ஒன்றை மனப்பாடம் செய்து, புள்ளி வாங்கி, மறந்தவன்தான். கீரைக்காரப் பையன் அந்தச் செய்யுளில் ஒரு மரத்தைக் காட்டி, "டீச்சர், இந்த மரம் ஏன் இங்க நிக்குது?" என்று கேட்டான். இருபது நிமிடம் அந்த மரத்தை விட்டு அவர்கள் நகரவில்லை. என் பாட்டு எதற்காக அங்கே கொண்டுவரப்பட்டது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சைக்கிள் பழகுகிறவர்களுக்கு முதலில் ஓட்டை சைக்கிளைத்தான் கொடுப்பார்கள்.

டீச்சர் கேட் வரைக்கும் கூட வந்தார். "அந்தக் குடை வரிக்கு ரோகிணி சொன்னதைத்தான் நீங்க நினைச்சீங்களா அண்ணன்?"

"அதேதான் டீச்சர். அப்படியே."

என் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். "நினைக்காம எழுதியிருந்தாலும் வரி உங்களுடையதுதான். கண்டுபிடிச்சது மட்டும் அவ" என்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பஸ்ஸில் தேங்கிய மழையின் தத்துவத்தை நான் பல பேருக்கு விளக்கியிருக்கிறேன். ரோகிணியின் பெயர் எதிலும் வந்ததில்லை.

டீச்சர் அடிக்கடி கடைக்கு வர ஆரம்பித்தார். வந்தால் சும்மா நிற்க மாட்டார், கம்பியூட்டரில் என்ன இருக்கிறது என்று வாசிப்பார். ஒருநாள் ஒருவர் தன் அக்காள் புருஷனுக்கு மரண அறிவித்தல் அடிக்க வந்திருந்தார். வழக்கமான வாசகம்தான். ஆறாத் துயரில் வாடும் மனைவி, மக்கள், மருமக்கள், சம்பந்திமார்.

"சம்பந்திமாரும் வாடுறாங்களா?" என்று டீச்சர் அவரைக் கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவர் யோசித்தார். "இல்ல டீச்சர். அவரு கோவம். ரொம்ப நாளா வீட்டுப் பக்கமே வர்றது இல்ல."

"அப்ப ஏன் வாட வச்சீங்க? துயரம் யாருக்கோ அவங்களோட நிப்பாட்டுங்களேன்."

அவரும் தலையாட்டினார், நானும் வெட்டிவிட்டேன். சுவரில் நோட்டீஸைப் பார்த்த சம்பந்தி நேராகக் கடைக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். டீச்சரை நான் காட்டிக் கொடுக்கவில்லை என்று எழுத ஆசைதான். கெலிஓயாவில் எந்தச் சந்தியில் இறங்க வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். அங்கே போய் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அன்றைக்குப் பின்னேரமே அந்த மனிதர் இழவு வீட்டுக்குப் போய், வாசலில் நின்று விம்மி விம்மி அழுதாராம்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. "அக்காவோட ஒரு படம் பார்க்க ஏலாது. கதாநாயகன் சாகப் போறப்ப, இவன் ஏன் இவ்வளவு நீளமாப் பேசுறான்னு கேப்பா" என்று டீச்சரின் தங்கை என்னிடம் முறையிட்டிருக்கிறாள். என் மனைவிக்கு மட்டும் பிடித்திருந்தது. "அந்த டீச்சரைப் பழகின பெறகுதான் நீங்க ஒரு கதையை ஒருதரம் மட்டும் சொல்றீங்க" என்பாள்.

பிறகுதான் முறைப்பாடு வந்தது.

ஹார்ட்வெயார் கடை முதலாளி ஒருவரின் மகளும் அதே வகுப்பு. பிள்ளை வீட்டில் 'முகத்தைக் காட்டிப் போனவளே' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, என்ன இது என்று தாய் கேட்க, இலக்கியப் பாடம் என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. தகப்பன் பாடசாலை அதிபரிடம் போனார். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எழுதுவேன் என்றார். அதிபர் சாதுவான மனிதர், பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தார். டீச்சரை மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன். பாட்டு என்னுடையது, பழி அவருக்கா என்ற வீரம். அதோடு, உண்மையைச் சொன்னால், மண்டபம், மைக், உட்கார்ந்திருக்கிற சனம்.

ஹார்ட்வெயார் முதலாளி முதலில் எழும்பினார். "ஓ.எல். பரீட்சை வருது. இவங்க என்னடான்னா பஸ்ஸில போன பொம்பளையைப் பத்திப் படிக்கிறாங்க. நாங்க பிள்ளைங்களை அனுப்புறது இதுக்கா?" கைதட்டல் வந்தது.

நான் கையைத் தூக்கி, அதிபர் தடுக்கும் முன் மைக்கைப் பிடித்துவிட்டேன். "பெற்றோர்களே, இந்தப் பாட்டை எழுதியவன் நான். இதில் வருகிற பெண் பெண்ணே அல்ல. அவள்தான் கல்வி. மூணு மணி பஸ் என்பது வாழ்க்கையில் வந்து போகிற வாய்ப்பு. குடை என்பது அறியாமை. மழை என்பது ஞானம்." என்னை யாரும் நிறுத்தவில்லை என்பதால் மானுக்கும் ஒரு விளக்கம் சொன்னேன். ஒழுக்கம் என்று நினைக்கிறேன்.

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. "அப்படியா விசயம்" என்றார் முதலாளி. அதிபர் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துச் சிரித்தார். காப்பாற்றிவிட்டேன் என்று டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழும்பி நின்றார்.

"மன்னிக்கணும் அதிபர். அண்ணன் சொன்னது சரியில்ல. அது காதல் பாட்டு."

என் கையில் மைக் இருந்தது. அதை மெதுவாக அதிபர் பக்கம் நீட்டினேன்.

"கல்விக்கு ஏது முகம்? குடை அறியாமைன்னா அதை மூடி வச்சது நல்லதுதானே, பெறகு இவர் ஏன் அழணும்? ஒண்ணும் பொருந்தல்ல. இது ஒரு பிள்ளை மேல ஆசைப்பட்ட ஒருத்தனோட பாட்டு. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மூணாவது வரிக்கு வேணும்னா வெக்கப்படலாம்."

சிலர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "அப்ப காதல் பாட்டுதான்னு ஒத்துக்கிறீங்க."

"ஆமா. பிள்ளைங்களுக்குக் காதல் பாட்டே தெரியாதுன்னு நாமதான் நடிக்கிறோம். காலையில பஸ்ஸில ஒண்ணு, பின்னேரம் பஸ்ஸில ஒண்ணுன்னு கேட்டுக்கிட்டுத்தான் வர்றாங்க. அதை என்னால நிப்பாட்ட ஏலாது, உங்களாலயும் ஏலாது. கேட்டதைப் பிரிச்சுப் பார்க்கப் பழக்கலாம். நாளைக்கு ஒருத்தன் வந்து 'நீ இல்லாட்டிச் செத்துருவேன்'னு சொல்லுவான். அன்னைக்கு எங்க பிள்ளை அழக்கூடாது. 'ஏன் செத்துருவேன்னு சொல்றீங்க? உங்களுக்கு வேற சொல்லே இல்லையா?'ன்னு கேக்கணும். அதுக்குத்தான் படிச்சுக் குடுக்கிறேன்."

அதையும் அவர் விலைப் பலகை வாசிக்கிற குரலில்தான் சொன்னார். கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் இருந்த ஒரு தாய் மட்டும், எழும்பாமலே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எங்க மூத்தவளுக்கும் யாராவது இப்படிக் கேக்கப் பழக்கியிருக்கலாம்." என்ன நடந்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. முதலாளி உட்கார்ந்துவிட்டார். பாடத்திட்டத்தை முடித்துவிட்டுப் பாட்டை எடுங்கள், வகுப்பில் ஸ்பீக்கர் போடக் கூடாது என்று அதிபர் தீர்ப்புச் சொன்னார். டீச்சர் ஒருநாளும் ஸ்பீக்கர் போட்டதில்லை. அதை அவர் அதிபரிடம் சொல்லவும் இல்லை.

பஸ் தரிப்பிடத்தில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "உங்களுக்காகத்தானே டீச்சர் சொன்னேன். அவங்க நம்பிட்டாங்க. நீங்களே எழும்பி என்னைக் கவுத்துட்டீங்களே."

"ரோகிணி முகத்தைப் பார்த்தீங்களா?"

"எந்த ரோகிணி?" என்று கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. தாயோடு நடுவில் எங்கோ இருந்திருக்கிறாள்.

"நீங்க மழை ஞானம்னு சொன்னப்ப அவ தலையைக் குனிஞ்சுட்டா. எழுதினவரே இல்லன்னு சொன்னா, அவ என்ன செய்வா? இனி வகுப்பில கையைத் தூக்குவாளா?"

"நான் அப்படிச் சொல்லாட்டி உங்களை மாத்தியிருப்பாங்க."

"மாத்தட்டுமே. நாளைக்கு வந்து அவகிட்ட சரியானதைச் சொல்லிட்டுப் போங்க அண்ணன்."

போனேன். இந்த முறை பின் வாங்கு இல்லை, கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினார். "நேத்து நான் சொன்னது பொய். ரோகிணி சொன்னதுதான் அந்த வரி" என்றேன். அதோடு முடியும் என்று நினைத்தேன். ரோகிணி எழும்பினாள்.

"அப்ப எழுதுறப்ப நீங்க என்ன நினைச்சீங்க அங்கிள்?"

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தப்ப வழி இல்லை.

"கதவுல ஒரு குடை தொங்கிச்சு" என்றேன்.

முதலில் ரோகிணிதான் சிரித்தாள். பிறகு வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. நான் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன், என் பேச்சு இவ்வளவு நன்றாக எடுபட்டதில்லை.

ஹார்ட்வெயார் முதலாளி கொஞ்ச நாளில் கடைக்கு வந்தார். புதுக் கிளை திறக்கிறார், பெனர் வேண்டும், நாலு வரி கவிதையோடு. 'இரும்பிலும் உறுதி எங்கள் இதயம்' என்று தொடங்குகிறது. பேசி முடித்துவிட்டு, போகும்போது திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "ஸ்கூல் ரோட்டுல மட்டும் கட்டாதீங்க. டீச்சர் அந்தப் பக்கம்தான் போவாங்க."

டீச்சரின் கேள்வியிலிருந்து அவர் அளவுக்கு நான் தப்பவில்லை. முன்பு ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பாட்டு எழுதுகிறவன், ஒரு வரி போட்டால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "மச்சான், பாட்டு எழுதுறியா, வழக்குப் பேசுறியா?" என்றான் கீபோர்ட்காரன். பல மாதம் இழுத்து ஒரு பாட்டு வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை, கல்யாண வீட்டில் போட்டால் ஆடிக்கொண்டிருந்தவர்களும் போய் உட்கார்ந்தார்கள். டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "பிழை ஒண்ணும் இல்ல அண்ணன்" என்றார். நான் காத்திருந்தேன். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அவருக்கு இடமாற்றம் வந்தது. யாரும் செய்த சதி இல்லை. தங்கைக்குப் பண்டாரவளையில் கல்யாணமாகி, அவரே கேட்டு வாங்கிய மாற்றம். பிரியாவிடைக்கு வாழ்த்துப்பா எழுதித் தரச் சொல்லி அதிபர் வந்தார். "வாழ்த்துப்பா வாழ்த்துப்பா மாதிரி இருக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. கல்விக் கடலே, கலங்கரை விளக்கே, கண்டி மலையின் கனியே. எட்டுப் பாட்டு. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

விழாவில் அதிபர் அதை ராகம் போட்டுப் பாடினார். மாலையோடு கதிரையில் உட்கார்ந்திருந்த டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் நான் அவர் முகத்தையே பார்த்தேன். கூட்டம் கலைந்ததும் கிட்டப் போனேன்.

"நல்லா இருந்திச்சு அண்ணன்" என்றார்.

"டீச்சர், அதுல கனின்னு ஒண்ணு வருது. ஏன் வந்திச்சுன்னு கேக்கல்லையே?"

"கேக்கல்ல."

"அந்தக் கலங்கரை விளக்கு?"

"நல்லா இருந்திச்சு" என்று மறுபடி சொல்லி, சட்டத்தை வாங்கிக்கொண்டு திரீவீலரில் ஏறினார். அது உள்ளே நேராக அடங்கவில்லை. மடியில் சரித்துப் பிடித்துக்கொண்டு போனார்.

அந்தப் பாராட்டு எனக்கு உள்ளே இறங்கவில்லை. போகிறவர் கடைசியாகச் சொல்கிற மரியாதை வார்த்தையை எனக்கும் சொல்லிவிட்டாரே என்றிருந்தது. கடைக்கு வந்து கம்பியூட்டரில் அதைத் திறந்தேன். கனியை வெட்டினேன். விளக்கை வெட்டினேன். கடலைத் தூக்கினேன். நாட்கணக்கில் உட்கார்ந்து வெட்டி, எட்டுப் பாட்டில் ஒரு சில வரி மிஞ்சியது. அவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். 'பாட்டை வாசிப்பார், பாட மாட்டார். எங்களைப் பேசவிட்டுக் கையில் சோக்கட்டியோடு கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்பார்' என்று ஆரம்பித்து, வளைவு நெளிவு இல்லாமல் ஒரு பக்கம். பண்டாரவளைக்குத் தபாலில் அனுப்பினேன்.

பதில் இல்லை. மறந்தே போனேன். ஒருநாள் காலையில் பெனர் ஒன்றை வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"கெடைச்சிச்சு அண்ணன்."

"எப்படி இருக்கு டீச்சர்?"

"தெரியாது. வகுப்புக்குக் குடுத்திருக்கேன். எழுதினவர் பேரும் போடல்ல, யாரைப் பத்தின்னும் சொல்லல்ல. மூணு நாளா அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு பிள்ளை எழுதினவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணுமாம். இன்டர்வல் முடியப் போகுது, குடுக்கட்டா?"

கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கதிரையில் நேராக உட்கார்ந்தேன். மோனையா, உவமையா, சோக்கட்டி ஏன் அங்கே இருக்கிறது என்றா? எல்லாவற்றுக்கும் அவசரமாகப் பதில் தேடினேன்.

சின்னக் குரல் ஒன்று வந்தது. "அங்கிள், வணக்கம். இதுல வர்ற டீச்சர் உண்மையாவே இருந்தாங்களா? இல்லாட்டி நீங்க சும்மா எழுதினீங்களா?"

போனுக்குப் பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அதற்குள் எங்கோ டீச்சர் நின்றிருப்பார். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். என்னிடம் அழகான பதில்கள் நாலைந்து வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டேன்.

"இருக்காங்க" என்றேன்.